தவளையின் இடது பக்கம்

ஜூன் 3, திங்கள்

தவளையின் இடது மட்கார்டு கேட் தூணில் உரசிவிட்டது. பச்சைப் பெயின்ட் போய், உள்ளே ஃபைபர் வெள்ளையாகப் பல்லைக் காட்டுகிறது. எத்தனையோ வருஷமாக அதே கேட், அதே நான். ஆனால் போன மாதம் இவர் தூணுக்குப் புதிதாகச் சிமென்ட் பூச வைத்தார். கொத்தன் தடிமனாக அப்புகிறான் என்று அப்போதே சொன்னேன். கேட்டால்தானே?

"ஒரு நூல்கூட ஏறலை தமயந்தி. வேணும்னா அளந்து பாரு."

"அளக்கறதுக்கு நானென்ன சர்வேயரா? நாலு பேரு வண்டி வச்சிருக்கற வீட்டுல தூணு அடக்க ஒடுக்கமா இருக்கணுமுங்க."

நாலு பேர் எங்கே? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வண்டி ஓட்டுகிறவள் நான் ஒருத்தி. இவர் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை.

தவளைக்கு இந்த வருஷம் செய்யப்போகிற வேலைகளை எல்லாம் இனி இதில் எழுதி வைப்பதாக முடிவு. எனக்குப் பிறகு யார் ஓட்டினாலும் எதை எப்போது மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தெரிய வேண்டாமா?

ஜூன் 8, சனி

அப்படி யாரோ ஒருவர் ஓட்டப்போகிறார் என்றால் அவருக்கு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இதே கோயமுத்தூரில், வரதப்ப நாயுடு என்று ஒரு பட்டறைக்காரர், எழுபதுகளில் பழைய ஹெரால்டு காரின் சேஸியை வெட்டிக் குறுக்கி, அதன் மேல் தன் கையாலேயே ஃபைபர் உடம்பு வார்த்துக் கட்டிய ரேஸ் வண்டி. இரண்டே சீட். கேன்வாஸ் கூரை. முன்னால் இரண்டு ஹெட்லைட்டும் முழித்துக்கொண்டு நிற்கும். பச்சை நிறம் வேறு. ஊரே தவளை என்றது. நானும் தவளை என்றே சொல்லிவிட்டேன். மூன்று கட்டினாராம். மற்ற இரண்டும் காயலான் கடைக்குப் போயாச்சு. இதை நான் பார்த்தபோது டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்துதான் வாங்கி வந்தேன்.

மற்றவர்கள் இப்படிப்பட்ட வண்டியைத் துணி போட்டு மூடி வைத்து, ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் பார்ப்பார்கள். நான் தினமும் ஓட்டுகிறேன். வடவள்ளியில் வீடு, சிங்காநல்லூரில் என் யூனிஃபார்ம் தையல் யூனிட். லாலி ரோடு, உக்கடம், சுங்கம், திருச்சி ரோடு என்று ஊரைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போக வேண்டும். பஸ் சக்கரம் என் கண்ணுக்கு நேராகச் சுற்றும். சிக்னலில் ஆட்டோக்காரர்கள், "அம்மிணி, இன்னைக்குத் தவளை எந்தக் குளத்துக்குங்?" என்பார்கள். "உங்க வூட்டுக் கெணத்துக்குத்தான்" என்பேன். அந்த நேரத்தில் நான் ஐம்பத்து நாலு வயசுக்காரி இல்லை.

இன்று மெக்கானிக் இருதயராஜ் பட்டறையில் இடது பக்கத்துக்கு மிரர் வைத்தாயிற்று. நாயுடு காலத்தில் வலது பக்கம் மட்டும்தான் மிரர். இடது பக்கம் பார்க்க வேண்டிய அவசியமே அன்றைக்கு ரோட்டில் இல்லை போல.

ஜூன் 19, புதன்

லாலி ரோடு சிக்னலில் ஒருத்தன் ஸ்கூட்டரோடு வானத்திலிருந்து குதித்தான். பச்சை விழுந்து நான் எடுக்கிறேன், இடது பக்கம் மூக்குக்கு முன்னால் ஸ்கூட்டர். காலை ஊன்றி மிதித்தேன். ஒரு முழ இடைவெளியில் நின்றது.

"கண்ணு தெரியலையாக்கா?" என்று கத்தினான்.

"உனக்கு வாயி மட்டுந்தான் தெரியுமாடா?" என்று நானும் கத்தினேன். சும்மா விடுவேனா?

யூனிட்டுக்குப் போகும் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கோபம்தான். இந்த டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு இந்தக் காலத்து டிராஃபிக்கில் ஓட்டவே கூடாது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட வேண்டும். இருதயராஜிடம் சொல்லிவிட்டேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தவளையில் கை வைப்பதென்றால் அவன் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி தலை சீவிக்கொண்டு வருவான்.

ஜூன் 20, வியாழன்

சாப்பிடும்போது மோர் டம்ளரைத் தட்டிவிட்டேன். இலையெல்லாம் மோர். டம்ளரைக் கொண்டுபோய் இடது கைப் பக்கம் வைத்தால் யாருக்குத்தான் தட்டாது?

ஜூன் 29, சனி

டிஸ்க் பிரேக் முடிந்தது. பட்டறைக்கு வெளியே காலி ரோட்டில் இருதயராஜே முதலில் ஓட்டிக் காட்டினான். பிறகு நான். லேசாகத் தொட்டாலே கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது.

"இதுக்கு மேல புடிச்சா கண்ணாடியப் பிச்சுக்கிட்டு நீங்க வெளிய வந்துருவீங்கம்மிணி" என்றான்.

எவ்வளவு நிம்மதி! வரும் வழியில் சும்மாவே இரண்டு இடத்தில் பிரேக் போட்டுப் பார்த்தேன். பின்னால் வந்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

ஜூலை 4, வியாழன்

காலையில் சாவியை எடுத்தால் இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"நானும் ஒட்டுக்கா வர்றேன்."

"எங்கீங்க?"

"சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு. அங்க கீரை நல்லாருக்குதாமா."

வடவள்ளியில் கிடைக்காத கீரையா? ஓய்வு பெற்ற ஆம்பளைகள் இப்படித்தான், பொழுது போகாமல் கீரைக்கட்டில் வந்து நிற்பார்கள். சரி, ஒரு நாள்தானே என்று ஏற்றிக்கொண்டேன். முட்டி இடிக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு இடது சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது.

ஜூலை 11, வியாழன்

ஒரு நாள் இல்லை. தினமும் வருகிறார். திங்கள் கீரை, செவ்வாய் முட்டிவலிக்கு எண்ணெய், நேற்று யாரோ பழைய பாங்க் சிநேகிதர். மத்தியானம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், சாயங்காலம் மறுபடி பஸ் பிடித்து யூனிட் வாசலில் வந்து நிற்கிறார், என்னோடு திரும்பி வர!

அதுகூடப் பரவாயில்லை. பேச்சு! கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இப்போது வண்டியில் ஏறியதும் வாய் ஓய்வதில்லை.

"அட, இந்தப் பக்கம் பஸ் ஒண்ணு எவ்வளவு பெருசா வருது பாரேன்."

"ஒரு பாட்டி கொடை புடிச்சுட்டு ரோட்டத் தாண்டப் போகுது. பூப்போட்ட கொடை."

"நாயி. நாயி. வெள்ளை நாயி."

"ஏனுங்க, கிரிக்கெட் மேச்சா நடக்குது? சித்தெ சும்மா வாங்க" என்று எரிந்து விழுந்தேன். வாயை மூடினார். சுங்கம் ரவுண்டானா வந்ததும், "லெஃப்ட்ல லாரி" என்றார், மெதுவாக.

லாரி இருக்கத்தான் செய்தது.

ஜூலை 22, திங்கள்

பழைய மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி ஹெட்லைட் போட்டாயிற்று. மழைக்கால சாயங்காலங்களில் ரோடே தெரிவதில்லை, தவளைக்கு வயசாகிவிட்டது. இப்போது பகல் மாதிரி அடிக்கிறது. இன்ஜினுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியேட்டருக்குப் புது ஃபேன், ஐந்து கியர் பெட்டி. சாவியை ஒரு தடவை திருப்பினாலே கிளம்புகிறது. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. ஓட்டப்போகிறவர் கேட்டுக்கொள்ளட்டும்.

யூனிட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் மட்டும் பாக்கி: மெரூன் கட்டம் போட்ட சட்டை. பாக்கெட் எல்லாம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பிரித்துத் தைக்கச் சொன்னேன். மாஸ்டர், "மேடம், நேராத்தானுங்களே இருக்குது" என்றார். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். நேராகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று ஒன்றும் எழுதுவதற்கில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

எழுதத்தான் வேண்டும். தூக்கமே இல்லை.

இவர் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தாராபுரம் போயிருக்கிறார். போக மனசே இல்லாமல், "நீயும் ரெண்டு நாளு லீவு போட்டுட்டு வாயேன்" என்று தொண்டை வறளக் கெஞ்சினார். "இல்லாட்டி ஆட்டோவுல போயிக்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கமென்ட்ரி இல்லாமல் நானும் தவளையும் மட்டும்.

நேற்று, ராமநாதபுரம் தாண்டி ஒரு சந்து. கூட்டமே இல்லை. வெயில் பளீரென்று. நான் ஒன்றும் பறக்கவில்லை, சத்தியமாக. திடீரென்று வண்டிக்கு முன்னால் மெரூன் கட்டம். நான் தைத்த சட்டை. முகம் தெரிவதற்கு முன்பே எனக்கு அந்தப் பாக்கெட்தான் தெரிந்தது. மிதித்தேன். தவளை நின்றது. ஆனால் சைக்கிளின் முன்சக்கரம் பம்பருக்கு அடியில். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ரோட்டில் கிடந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பாள். முழங்கை உரிந்து ரத்தம்.

இறங்கி ஓடினேன். அவள் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அழவில்லை. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"கண்ணை எங்க வச்சுட்டு வர்றே? பாத்து வர மாட்டே?"

டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "அம்மா தெனமும் இந்த வழியாத்தான் போறாங்க. அவங்க மேல தப்பிருக்காது. இந்தப் புள்ளதான் குறுக்க உழுந்துச்சு" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். பெண்ணின் அப்பா பக்கத்துத் தெருதான், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பெயர் மாசிலாமணி என்றார்கள். வந்தவர் மகளைத் தூக்கி நிறுத்தி, கையைப் பார்த்து, என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே? இனி இவ சைக்கிளத் தொட்டா என்னன்னு கேளுங்க."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத!" என்று அதட்டினார். நான் பேசாமல் நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

இருதயராஜிடம் போனேன். இன்னும் என்ன மாற்றலாம் என்று கேட்டேன். இடது பக்கம் கேமரா வைத்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைக்கலாம் என்றான். வை என்றேன். ஹாரன் மாற்றலாமா? மாற்று. வேறே?

"வேற என்னங்கம்மிணி இருக்குது? எல்லாமே புதுசாப் போட்டாச்சு" என்று சிரித்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மிரர் இருந்தது. பிரேக் இருந்தது. வெயில் அடித்தது. அப்படியும் அந்தப் பெண் எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால்?

கேமரா வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வரை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே வந்தேன். என் பின்னால் பாதி வடவள்ளியும் ஹாரன் அடித்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இவர் இன்னும் வரவில்லை. நல்லது.

தவளையைப் போர்ட்டிகோவில் குறுக்காக நிறுத்தி, எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இட்லி மாவு பொங்கி வழிந்தது, எழுந்து போய்த் துடைத்துவிட்டு வந்தேன். பால் பாக்கெட்டைப் பிரிஜ்ஜில் வைத்தேன். துணி காயப்போட்டேன். வேறு வேலை எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகு, வலது கண்ணைக் கையால் மூடினேன்.

நடுவில் தவளையின் கதவு தெரிந்தது. மூக்கு இல்லை. இடது ஓரம் பூராவும் சாம்பல் மாதிரி ஏதோ. கறுப்புகூட இல்லை, ஒன்றுமே இல்லை. கையை எடுத்தேன். முழு வண்டியும் இருந்தது. மூடினேன். போய்விட்டது.

வெளிச்சம் சரியில்லாமல் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, சனி

வெளிச்சமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாரை ஏமாற்றுகிறேன்? ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணைக் கட்டி, நடுவிலுள்ள புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு ஓரளவு வந்தது. இடது கண்ணுக்கு வரவே இல்லை. ஆனால் மெஷின் உள்ளே டிக், டிக் என்று ஒரு தாளம் கேட்டது. இத்தனை வருஷம் தையல் மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவள் நான். தாளத்தைப் பிடித்து, டிக்குக்கு ஒரு தடவை அழுத்தினேன். நன்றாக எழுதிய பரீட்சை மாதிரி எழுந்து வந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மேடம், இந்த மெஷின் நடுநடுவுல லைட்டே காட்டாம சும்மா இருந்து பாக்கும். அப்பவும் நீங்க அழுத்தியிருக்கீங்க."

என் முகம் எரிந்தது. காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

"யாரும் உங்களுக்கு மார்க் போடலை. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க" என்று தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள்.

இரண்டாவது தடவை தெரிந்தபோது மட்டும் அழுத்தினேன். டிக், டிக், டிக் என்று அது போய்க்கொண்டே இருந்தது. என் கை சும்மாவே இருந்தது. கிண்ணத்துக்குள்ளேயே அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டு மீதியை எடுத்தார்கள்.

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போகிறதாம். வலி இருக்காது, சத்தம் போடாது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"வண்டி ஓட்டலாமுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மேடம்."

"மெதுவாக்கூட?"

"வேண்டாம்."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இவர் வந்தார். மருந்துச் சீசாவை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எடுத்துப் படித்தார். இது என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"கண்ணுன்னு தெரியாது. என்னமோ சரியில்லைன்னு தெரியும். இடது பக்கம் எது வச்சாலும் தட்டி விட்டே. அந்தப் பக்கத்துல இருந்து வந்தா திடுக்கிட்டே."

"அதான் வந்து உக்காந்தீங்களா?"

தலையாட்டினார்.

கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். அப்படி ஒரு கோபம் என் ஜென்மத்தில் வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். சைக்கிள், முழங்கை, அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை, எல்லாம்.

"நாயி, பேயின்னு சொல்லத் தெரிஞ்சுதில்ல? ஓட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயி வரலையா உங்களுக்கு?"

"சொன்னா விட்டுருவியேன்னு பயந்தேன் தமயந்தி. தவளை இல்லைன்னா நீ..." என்று இழுத்தார். "காலையில சாவிய எடுக்கறப்ப உன்ற மூஞ்சியப் பாத்திருக்கேன். அத எப்படிப் புடுங்கறது?"

"அந்தப் புள்ள செத்திருந்தா?"

கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் இதற்கு முன் அவர் அம்மா சாவில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவரை மட்டும் சொல்லி என்ன? மிரர், பிரேக், லைட் என்று நான் ஊரைச் சுற்றினேன்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீரை வாங்கினார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பெண்ணைத் தள்ளினோம்.

ஆகஸ்ட் 28, புதன்

இருதயராஜ் வந்து தவளையைப் பட்டறைக்கு ஓட்டிப்போனான். நான் வாசலுக்கு வரவில்லை. சமையல்கட்டில் நின்று, மூன்றாவது கியர் போடும் சத்தம் வரை கேட்டேன். ஓடாமல் கிடந்தால் வண்டி செத்துவிடும், தினமும் ஒரு சுற்று ஓட்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இவர் டிரைவிங் ஸ்கூலில் சேரப்போவதாக இன்று காலை அறிவித்தார். அறுபத்தோரு வயதில்! முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தேன். பிறகு அழுதேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். மாசிலாமணி வீடு அந்தப் பக்கத்துத் தெருவின் கடைசி. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். வண்டிக்கு ஏதாவது கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

"என்ற புள்ள பண்ணுனது தப்புதானுங்க மேடம். சைக்கிள மேல கட்டிப் போட்டுட்டேன் பாருங்க."

ஓட்டுச் சாய்ப்பின் கம்பில் சைக்கிள் கயிற்றில் தொங்கியது. கதவோரம் அந்தப் பெண் நின்றாள். பெயர் செவ்வந்தி. முழங்கையில் பிளாஸ்திரி. பள்ளிக்கூடத்துக்கு இப்போது நடந்துதான் போகிறாளாம். அவள் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

"தப்பு அவ மேல இல்லீங்க. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியறதில்ல. அன்னைக்கு நான் வண்டிய எடுத்திருக்கவே கூடாது. எல்லார் முன்னாலயும் இவளத் திட்டிட்டுப் போயிட்டேன்."

மாசிலாமணிக்குப் புரிய நேரமாயிற்று. என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். கும்பிட்டிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. அவர் முகத்தில் வந்த கோபத்தை நான் தலை குனியாமல் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

"நான் அன்னைக்கே சொல்ல வந்தேம்ப்பா" என்றாள் செவ்வந்தி. "நான் நின்னு பாத்துட்டுத்தான் எறங்குனேன். ஆண்ட்டி என்னையவே பாத்துட்டு வந்தாங்க. நேரா என் மூஞ்சியவே பாத்தாங்க. அதான், என்னையப் பாத்துட்டாங்க, நிப்பாட்டுவாங்கன்னு நெனச்சேன்."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உன்னப் பாக்கவே இல்ல கண்ணு" என்றேன். அவள் பக்கம் முழுசாகத் திரும்பி நின்று சொன்னேன்.

மாசிலாமணி ஸ்டூலைப் போட்டு ஏறினார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். இறக்கிய சைக்கிளை மகளிடம் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டயரில் காற்று இல்லை. செவ்வந்தி பம்ப்பை எடுத்து வந்து அடிக்க ஆரம்பித்தாள்.